அந்த நூறு பக்கத்தைத் திறந்து படியுங்கள், தம்பி

தம்பி, உங்கள் கேள்வியை இரண்டு முறை படித்தேன். திருநெல்வேலிப் பக்கம் அண்ணா பல்கலைக்கழக இணைப்புக் கல்லூரி ஒன்றில் மெக்கானிக்கல் கடைசி ஆண்டு, சி.ஜி.பி.ஏ. 7.6, ஜெர்மனியில் மாஸ்டர்ஸ் படிக்க ஆசை. ஊரில் ஒரு ஏஜென்ட் ஜெர்மனியில் உள்ள தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் டேட்டா சயன்ஸ் எடுக்கச் சொல்கிறார், 'இடம் உறுதி' என்கிறார். "எந்தப் படிப்பு எடுத்தால் வேலை கிடைக்கும், அக்கா? ஜெர்மனியில் படிப்பு இலவசம் என்றார்களே, பிறகு ஏன் இவர் இவ்வளவு கட்டணம் சொல்கிறார்?" என்று கேட்டிருந்தீர்கள்.

பணத்தை முதலில் பேசி முடித்துவிடுகிறேன். 'இலவசம்' என்பது அரசுப் பல்கலைக்கழகங்களைப் பற்றிய பேச்சு. அங்கே வெளிநாட்டு மாணவருக்கும் பெரும்பாலும் கல்விக் கட்டணம் கிடையாது. செமஸ்டருக்கு ஒரு முறை மாணவர் பங்குத்தொகை கட்ட வேண்டும். இடத்தைப் பொறுத்து நூறு யூரோவிலிருந்து நானூறு வரை இருக்கும். பல ஊர்களில் பஸ், ரயில் சீட்டும் அதற்குள் அடக்கம். விதிவிலக்குகளும் உண்டு. நான் இப்போது குடியிருக்கும் ஸ்டுட்கார்ட், பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலத்தில் இருக்கிறது. இங்கே 2017-18 குளிர்கால செமஸ்டரிலிருந்து, ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருபவர்களிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறார்கள். மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024-25 குளிர்காலத்திலிருந்து கட்டணம் கொண்டுவந்துவிட்டது. மாஸ்டர்ஸ் என்றால் படிப்பைப் பொறுத்து செமஸ்டருக்கு 4,000 முதல் 6,000 யூரோ. அரசுப் பல்கலைக்கழகத்தின் பெயரிலேயே, வேலை அனுபவம் உள்ளவர்களுக்கென்று கட்டணத்தோடு நடக்கும் மாஸ்டர்ஸ் படிப்புகளும் இருக்கின்றன. பெயரைப் பார்த்து ஏமாறாமல் கட்டணப் பக்கத்தையும் பாருங்கள்.

தனியார் பல்கலைக்கழகம் மாணவர் கட்டும் கட்டணத்தில் ஓடுவது. உங்கள் ஏஜென்ட் ஏன் அதையே காட்டுகிறார் என்றால், அரசுப் பல்கலைக்கழகத்திலிருந்து அவருக்குப் பொதுவாகக் கமிஷன் வராது. தனியார் எல்லாமே மோசம் என்று சொல்ல மாட்டேன். அரசு அங்கீகாரத்தோடு ஒழுங்காக நடப்பவையும் உண்டு. ஆனால் விண்ணப்பம் போடுவதற்கு முன்பே 'இடம் உறுதி' என்று ஒருவர் சொன்னால், அந்த இடத்துக்குப் போட்டியே இல்லை என்றுதான் நான் எடுத்துக்கொள்வேன்.

வீட்டில் 'இலவசம்' என்ற சொல்லை மட்டும் சொல்லிவிடாதீர்கள், பிறகு அப்பா முகத்தைப் பார்க்க முடியாது. விசாவுக்கு முன்பே ஓராண்டுச் செலவுக்கான பணத்தை ஒரு முடக்கக் கணக்கில் போட்டுக் காட்ட வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து அந்தத் தொகை 11,904 யூரோ. நம் பணத்தில் பத்து லட்சத்தைத் தாண்டும். இங்கே வந்த பின் மாதம் 992 யூரோ வீதம் உங்களுக்கே திரும்பக் கிடைக்கும். அது கட்டணமில்லை, உங்கள் சோறும் வாடகையும்தான். ஆனாலும் முதலில் அதைப் புரட்டியாக வேண்டுமே.

இனி உங்கள் முதல் கேள்வி. எந்தப் படிப்பு?

நான் 2011-இல் கரூரிலிருந்து கிழக்கு ஜெர்மனியில் ஒரு சிறு நகரத்துக்கு வந்தேன். 'கம்ப்யூடேஷனல்' என்று தொடங்கும் பெயரைப் பார்த்து மயங்கிச் சேர்ந்தவள். கணினியில் கார் வடிவமைக்கச் சொல்லித் தருவார்கள் என்று நினைத்திருந்தேன். முதல் வாரமே பேராசிரியர் கரும்பலகை முழுவதும் டென்சர் கணிதம் எழுதினார். மென்பொருளில் எந்தப் பொத்தானை அழுத்தினால் விடை வரும் என்று எனக்குத் தெரியும். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருக்கும் சமன்பாட்டை வருவிக்கச் சொன்னார்கள். விடுதிக்குப் போய் அழுதேன், வேறென்ன செய்வது. பக்கத்து அறை வியட்நாம் பெண் கேட்டாள்: "மாட்யூல் கையேட்டில் இதெல்லாம் இருக்கிறதே, நீ படிக்கவில்லையா?"

மாட்யூல் கையேடு. ஜெர்மனில் மோடூல்ஹான்ட்பூக் என்பார்கள். ஒவ்வொரு படிப்புக்கும் ஒன்று உண்டு, பெரும்பாலும் நூறு பக்கத்துக்கு மேல் இருக்கும், பல்கலைக்கழகத் தளத்திலேயே கிடைக்கும். ஒரு பாடத்தில் என்னென்ன சொல்லித் தருவார்கள், அதற்கு முன் என்ன தெரிந்திருக்க வேண்டும், எத்தனை கிரெடிட், குளிர்காலத்திலா கோடையிலா, எழுத்துத் தேர்வா வாய்மொழித் தேர்வா, எந்த மொழியில் என்று எல்லாம் அதில் இருக்கும். நம் ஆட்கள் தரவரிசைப் பட்டியலை மனப்பாடம் செய்வார்கள், இதைத் திறக்க மாட்டார்கள். தரவரிசையை இங்கே வேலை கொடுப்பவர்கள் யாரும் என்னிடம் கேட்டதில்லை. என்ன பாடம் படித்தாய், ஆய்வேட்டை எங்கே செய்தாய் என்றுதான் கேட்டார்கள்.

கையேட்டை எடுத்ததும் மொழி என்ற இடத்தைப் பாருங்கள். 'ஆங்கிலவழிப் படிப்பு' என்று முகப்பில் போட்டிருக்கும். கட்டாயப் பாடங்கள் ஆங்கிலத்தில் இருக்கும், விருப்பப் பாடங்களில் பாதி ஜெர்மனில் மட்டும் இருக்கும். உங்களுக்குப் பிடித்த பாடம் அந்தப் பாதியில் இருந்தால் அந்தப் படிப்பு உங்களுக்கு எதற்கு? அடுத்து, பாடம் எந்த செமஸ்டரில் நடக்கிறது என்று பாருங்கள். குளிர்காலத்தில் மட்டும் நடக்கும் பாடத்தைத் தவறவிட்டால் அது திரும்பி வர ஓராண்டு ஆகும். நம்மவர்கள் பலருக்கு இரண்டு ஆண்டுப் படிப்பு மூன்று ஆண்டாக நீள்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

கிரெடிட் என்பதையும் நம் ஊர் கணக்கில் எண்ணாதீர்கள். இங்கே ஒரு கிரெடிட் என்றால் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. வகுப்பும் வீட்டில் படிப்பதும் சேர்த்து. செமஸ்டருக்கு 30, இரண்டு ஆண்டுக்கு 120. அதில் கடைசி 30 பெரும்பாலும் ஆய்வேட்டுக்கே போய்விடும்.

இந்த கிரெடிட்டை வைத்துத்தான் உங்கள் விண்ணப்பத்தையும் எடை போடுவார்கள். பட்டத்தின் பெயர் பொருந்துகிறதா என்பதோடு நிறுத்த மாட்டார்கள். கணிதத்தில் இவ்வளவு, இயக்கவியலில் இவ்வளவு, நிரலாக்கத்தில் இவ்வளவு என்று சேர்க்கை விதியில் எழுதியிருப்பார்கள். உங்கள் சிலபஸை வைத்துக்கொண்டு எண்ணுவார்கள். உங்கள் மெக்கானிக்கல் பட்டியலில் நிரலாக்கம் ஒன்றிரண்டு பாடம் இருக்கும், புள்ளியியல் ஒன்று இருக்கும். அரசுப் பல்கலைக்கழகத்தின் டேட்டா சயன்ஸ் படிப்பு இதை எண்ணிப் பார்த்துப் பெரும்பாலும் நிராகரித்துவிடும். ஏஜென்ட் சொல்லும் இடத்தில் எண்ண மாட்டார்கள். எண்ணாத இடத்தில் சேர்ந்துவிட்டு, புள்ளியியலில் ஊறியவர்களோடு வேலைக்குப் போட்டி போடப் போகிறீர்கள் என்பதை யோசியுங்கள்.

7.6 போதுமா என்றும் கேட்டிருந்தீர்கள். இங்கே மதிப்பெண் தலைகீழ்: 1.0 தான் உச்சம், 4.0 கடைசித் தேர்ச்சி, 5.0 தோல்வி. மாற்றிக் கணக்கிட ஒரு வாய்ப்பாடு உண்டு. உச்சத்திலிருந்து உங்கள் மதிப்பெண்ணைக் கழித்து, உச்சத்துக்கும் தேர்ச்சி எல்லைக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுத்து, மூன்றால் பெருக்கி, ஒன்றைக் கூட்டுங்கள். உச்சம் 10, தேர்ச்சி 5 என்று வைத்தால் உங்களுக்கு 2.44 வருகிறது. பல படிப்புகள் 2.5-ஐ எல்லையாக வைத்திருக்கின்றன. மயிரிழையில் உள்ளே இருக்கிறீர்கள். கடைசி செமஸ்டரில் சறுக்கிவிடாதீர்கள்.

மெக்கானிக்கலுக்குப் பக்கத்திலேயே ஆங்கிலத்தில் எவ்வளவோ இருக்கிறது. கணிதம் பிடிக்கும் என்றால் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழகத்தின் கோமாஸ் (பொருள்களின், கட்டமைப்புகளின் கணினிவழி இயக்கவியல்), போஹும் (Bochum) நகரில் கம்ப்யூடேஷனல் எஞ்சினியரிங். வேதியியலும் ஆற்றலும் என்றால் மாக்டெபுர்க். பொருளறிவியல் என்றால் உல்ம். ஃப்ரைபெர்க் என்று சாக்சனியில் ஒரு சிற்றூர். 1765-இல் சுரங்கக் கல்விக்காகத் தொடங்கிய பல்கலைக்கழகம் அங்கே இருக்கிறது. நம் பக்கம் அதன் பெயரே பலருக்குத் தெரியாது, ஆனால் கனிமம், உலோகம் என்றால் அங்கே ஆழம் அதிகம். கரூர்க்காரி என்பதால் இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: ஜவுளி படித்தவர்கள் யாராவது உங்கள் நண்பர்களில் இருந்தால் மியோன்ஷன்கிளாட்பாக் நகரில் உள்ள நீடர்ரைன் ஹோக்ஷூலேயைப் பார்க்கச் சொல்லுங்கள். ஜவுளிக்கென்றே தனிப் புலம் வைத்திருக்கிறார்கள்.

ஹோக்ஷூலே என்ற சொல்லைப் பார்த்து 'உயர்நிலைப் பள்ளியா' என்று ஒதுக்கிவிடாதீர்கள். என் அண்ணன் அப்படித்தான் கேட்டான். பயன்முறை அறிவியல் பல்கலைக்கழகங்கள் அவை. அங்கே பேராசிரியர் ஆவதற்குப் பல்கலைக்கழகத்துக்கு வெளியே தொழிலில் சில ஆண்டுகளாவது வேலை பார்த்திருக்க வேண்டும். அதனால் ஆலைகளில் அவர்களுக்கு ஆட்களைத் தெரியும், வகுப்பும் சிறியது. முனைவர் பட்டம் என்றால் பல்கலைக்கழகத்துக்கே போங்கள். வேலைதான் குறி என்றால், உங்கள் இடத்தில் நான் இருந்தால், பாதி விண்ணப்பங்களை ஹோக்ஷூலேக்களுக்குத்தான் போடுவேன்.

இனி தேர்வைப் பற்றி. இதை யாரும் எனக்கு முன்பே சொல்லவில்லை. வருகைப் பதிவு பெரும்பாலும் கிடையாது, இன்டர்னல் மதிப்பெண் கிடையாது, அசைன்மென்ட் கொடுத்து ஏற்றிவிடும் பேச்சே இல்லை. செமஸ்டர் முடிவில் ஒன்றரை அல்லது இரண்டு மணி நேரத் தேர்வு ஒன்று. மதிப்பெண் முழுவதும் அதில்தான். அந்தத் தேர்வுக்குத் தனியாகப் பெயர் பதிய வேண்டும். நான் ஒரு பாடத்துக்கு நான்கு மாதம் முதல் வரிசையில் உட்கார்ந்து குறிப்பெடுத்தேன். பதிவுக்கான கடைசி நாள் ஜெர்மன் மொழி அறிவிப்பு ஒன்றில் இருந்தது; தேர்வு அறை வாசலில் என் பெயர் பட்டியலில் இல்லை என்று திருப்பி அனுப்பினார்கள். பேராசிரியருக்கு என் முகம் தெரியும். இருந்தும் விதி விதிதான், ஓராண்டு போயிற்று.

அதைவிடக் கடுமையானது, ஒரு தேர்வுக்குப் பொதுவாக மூன்று வாய்ப்புதான். மூன்றாவதிலும் தோற்றால் பெயரை நீக்கிவிடுவார்கள். அதோடு ஜெர்மனியில் வேறெந்தப் பல்கலைக்கழகத்திலும் அதே படிப்பில் சேர முடியாது. விசாவும் படிப்பை நம்பித்தான் இருக்கிறது. நம் ஊரில் அரியர் வைத்துப் பழகியவர்களுக்கு இது புரிய நாளாகும். எத்தனை வாய்ப்பு, வாய்மொழியாக இன்னொன்று உண்டா என்பது தேர்வு விதித்தொகுப்பில் இருக்கும். அதுவும் பெரும்பாலும் ஜெர்மனில்தான் செல்லும். ஆங்கில மொழிபெயர்ப்பு ஒரு வசதிக்குத்தான்.

இதிலிருந்தே மொழியைப் பற்றி நான் என்ன சொல்லப் போகிறேன் என்று தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் பட்டம் வாங்கிவிடலாம். ஆலையில் பணியாளரோடு பேச, வீட்டுக்காரருக்குக் கடிதம் எழுத, நேர்காணலில் உட்கார ஜெர்மன் வேண்டும். என் கூடப் படித்தவர்களில் மதிப்பெண் அதிகம் வாங்கியவனுக்கு வேலை கிடைக்க ஒன்றரை ஆண்டு ஆனது. பி2 என்ற மேல்-நடுநிலை வரை ஜெர்மன் படித்த சுமார் மாணவி ஆய்வேடு முடியும் முன்பே வேலையில் சேர்ந்தாள். பட்டத்துக்குப் பின் வேலை தேட 18 மாத அனுமதி தருகிறார்கள். அந்த 18 மாதத்தை மொழி படிக்க வைத்துக்கொள்ளாதீர்கள்; ஊரிலேயே ஏ2 என்ற அடிப்படை நிலையை முடித்துவிட்டு வாருங்கள். படிக்கும்போது ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை செய்ய அனுமதி உண்டு. பீட்சா கொண்டுபோய்க் கொடுப்பது பாவமில்லை, நானும் பாத்திரம் கழுவியிருக்கிறேன். ஆனால் துறை சார்ந்த வேலைக்கு மாணவர்களை எடுக்கும் நிறுவனங்கள் உங்கள் மொழியைத்தான் முதலில் பார்க்கும்.

இப்போது உடனே செய்ய வேண்டியவை. உங்கள் படிப்புச் சான்றுகள் உண்மைதான் என்று சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழுக்கு விண்ணப்பியுங்கள், 2022 நவம்பரிலிருந்து இந்திய மாணவர்களுக்கு மாணவர் விசா வேண்டுமென்றால் அது கட்டாயம், கட்டணம் 18,000 ரூபாய், கைக்கு வர நாளாகும். டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பின் தளத்தில் ஆங்கிலவழிப் படிப்புகளைத் தேடும் வசதி இருக்கிறது. அங்கிருந்து பத்துப் படிப்பு எடுங்கள். குளிர்கால செமஸ்டருக்குப் பல இடங்களில் ஜூலை 15 கடைசி நாள். வெளிநாட்டு மாணவருக்கு ஏப்ரல், மே மாதத்திலேயே மூடிவிடுபவையும் நிறைய. பல பல்கலைக்கழகங்களுக்காக விண்ணப்பங்களை வாங்கிச் சரிபார்க்கும் யூனி-அசிஸ்ட் வழியாகப் போகும் விண்ணப்பத்துக்கு முதலாவதற்கு 75 யூரோ, அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30. ஏஜென்ட் கேட்கும் தொகையில் எத்தனை விண்ணப்பம் போடலாம் என்று நீங்களே வகுத்துப் பாருங்கள்.

அந்தப் பத்தின் மாட்யூல் கையேடுகளையும் இறக்கி, உங்கள் எட்டு செமஸ்டர் சிலபஸைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எந்தப் பாடத்துக்கு எது பொருந்துகிறது என்று ஒரு தாளில் எழுதுங்கள். சிலபஸுக்குக் கல்லூரியில் முத்திரை வாங்கி வையுங்கள். படித்து முடித்துவிட்டுத் திரும்பப் போய்க் கேட்டால் அலைய விடுவார்கள். பத்தில் நான்குதான் மிஞ்சும். அந்த நான்கை எனக்கு அனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை இங்கே கடைகள் எல்லாம் மூடியிருக்கும், உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.