பேட்ச் போட்டாயிற்றா? ஓபன்பிஎஸ்டி கேள்வி–பதில்

ஓபன்பிஎஸ்டி என்ற இயங்குதளத்தைப் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த இதழுக்கு எடுத்துக்கொண்டோம். கட்டளைகளை ஒலிப்படி தமிழில் தந்திருக்கிறோம். தனியாகக் குறிப்பிடாத இடங்களில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டுங்கள்.

கேள்வி: அலுவலக ஃபயர்வாலில் சிஸ்பேட்ச் ஓட்டினேன், பிழை எதுவும் வரவில்லை. வேலை முடிந்ததா? ரீபூட் என்றாலே மேலாளர் முறைக்கிறார்.

பாதிதான் முடிந்திருக்கிறது. பேட்ச் எனப்படும் திருத்தங்களை இறக்கிப் போடும் கட்டளைதான் சிஸ்பேட்ச். அது மாற்றுவது வட்டில் இருக்கும் கோப்புகளை. நினைவகத்தில் ஓடிக்கொண்டிருக்கும் நிரல் இன்னும் பழையதுதான். ஆகவே எது திருத்தப்பட்டது என்று முதலில் பாருங்கள். "சிஸ்பேட்ச் -எல்" என்று கொடுத்தால் போடப்பட்ட பேட்சுகள் எண்ணும் பெயருமாக வரும். ஒரே ஒரு சேவைக்கான திருத்தம் என்றால் "ஆர்சிசிடிஎல் ரீஸ்டார்ட்" என்று அடித்து, அந்தச் சேவையின் பெயரைச் சேர்த்தால் போதும். லிப்சி, லிப்கிரிப்டோ போன்ற பொது நூலகம் என்றால் அதைப் பயன்படுத்தும் ஒவ்வொரு நிரலும் மறுபடி தொடங்க வேண்டும். அவற்றைத் தேடிப் பிடித்துக்கொண்டிருப்பதைவிட ரீபூட் செய்வது மேல். இயங்குதளத்தின் மையநிரலான கர்னல் என்றால் ரீபூட் கட்டாயம்.

ரீபூட்டுக்குப் பிறகு "யூநேம் -வி" கொடுத்துப் பாருங்கள். கர்னல் பெயருக்குப் பின்னால் உள்ள எண் மாறியிருக்க வேண்டும். கர்னலின் செய்திகளைக் காட்டும் "டிஎம்இஎஸ்ஜி" கட்டளையின் வெளியீட்டுத் தொடக்கத்தில், கர்னல் கட்டப்பட்ட இடத்தைச் சொல்லும் வரியில், சிஸ்பேட்ச் என்ற சொல்லும் தெரியும். மாறவில்லையென்றால் நீங்கள் ஓட்டுவது பழைய கர்னல். மேலாளரிடம் காட்ட இதைவிட நல்ல சான்று இல்லை.

இன்னொரு எச்சரிக்கை. வார் கோப்புறைக்குள் சிஸ்பேட்ச் என்றொரு கோப்புறை இருக்கும். மாற்றப்பட்ட பழைய கோப்புகள் ஒவ்வொரு பேட்சுக்கும் தனித்தனியாக ரோல்பேக் என்ற பெயரில் அங்கேதான் கிடக்கும். "சிஸ்பேட்ச் -ஆர்" கடைசிப் பேட்சைக் கழற்றுவது அவற்றை வைத்துத்தான். எந்தெந்தப் பேட்ச் போட்டாயிற்று என்று அந்தக் கருவி தெரிந்துகொள்வதும் அங்கிருந்துதான். வட்டில் இடம் போதவில்லை என்று அதைத் துடைத்துவிட்டால், எதுவுமே போடவில்லை என்று நினைத்து எல்லாவற்றையும் மறுபடி இறக்கும். அப்போது "பழைய கோப்பு" என்று சேமிக்கப்படுவதும் ஏற்கெனவே திருத்தப்பட்ட கோப்பாகவே இருக்கும். அதன்பின் பின்வாங்க வழியில்லை.

கேள்வி: கணினி தொடங்கும்போது ரீஆர்டர் கர்னல் தோல்வி என்று ஒரு வரி வருகிறது. மற்றபடி எல்லாம் ஓடுகிறது. விட்டுவிடலாமா?

விடக்கூடாது. 2017-ல் வந்த 6.2 பதிப்பிலிருந்து, ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் கர்னலின் உட்பகுதிகள் வரிசை குலைக்கப்பட்டு, அடுத்த பூட்டுக்கென ஒரு புதிய கர்னல் இணைக்கப்படுகிறது. உள்முகவரிகள் உங்கள் கணினியில் ஒருவிதம், பக்கத்துக் கணினியில் வேறுவிதம். ஒன்றில் கண்டுபிடித்த முகவரியை வைத்து இன்னொன்றைத் தாக்க முடியாது. கர்னல் பேட்சும் இந்த வழியாகவே வருகிறது. சிஸ்பேட்ச் புதிய துண்டுகளைக் கொண்டுவந்து வைக்கும், இணைப்பான் கர்னலைக் கட்டும். ஆக, இந்தப் பிழை இருக்கும்வரை கர்னல் பேட்ச் உங்களை வந்து சேராது.

காரணம் பெரும்பாலும் இரண்டில் ஒன்று. யூஎஸ்ஆர் பகிர்வில் இடமில்லாமல் இருக்கலாம். அல்லது கர்னலை யாரோ தொட்டிருக்கலாம். இணைப்பதற்கு முன், இப்போதைய கர்னலின் ஷா256 சரிபார்ப்புத் தொகை (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்) முன்பு பதிந்துவைத்ததோடு பொருந்துகிறதா என்று பார்க்கப்படும். பொருந்தாவிட்டால் வேலை அங்கேயே நின்றுவிடும். யூஎஸ்பி அச்சுப்பொறிக்காக யூஎல்பிடி டிரைவரை "கான்ஃபிக்" கட்டளையால் கர்னலிலேயே அணைத்தவர்கள் இதில் அடிக்கடி மாட்டுவார்கள். அதற்குச் சரியான இடம் ஈடிசி கோப்புறையில் "பிஎஸ்டி.ரீ-கான்ஃபிக்" என்ற கோப்பு. அதில் "டிஸேபிள் யூஎல்பிடி" என்று ஒரு வரி எழுதிவிட்டால், ஒவ்வொரு இணைப்பின்போதும் தானாக நடக்கும். இப்போதுள்ள கர்னல் நம்பத்தக்கது என்று உறுதியாகத் தெரிந்தால் மட்டும், ஷா256 கட்டளைக்கு -எச் கொடுத்து, வார் கோப்புறைக்குள் டிபி கோப்புறையில் உள்ள கர்னல் சரிபார்ப்புத் தொகைக் கோப்பைப் புதுப்பியுங்கள். தொட்டது யார் என்றே தெரியாவிட்டால் அந்தத் தொகையைச் சரிசெய்வது திருடனுக்குச் சாவி கொடுப்பதாகிவிடும். கணினியை மறுபடி நிறுவுங்கள்.

கேள்வி: என்னிடம் ஆக்டியான் சில்லு உள்ள சிறிய ரூட்டர் இருக்கிறது. அதில் சிஸ்பேட்சே இல்லை. என்ன செய்வது?

சிஸ்பேட்ச் ஏஎம்டி64, ஐ386, ஏஆர்எம்64 ஆகிய மூன்று சில்லு வகைகளுக்கு மட்டுமே. மற்றவர்களுக்குப் பழைய வழிதான், மூல நிரலைத் திருத்திக் கட்டிக்கொள்ள வேண்டும். உங்கள் பதிப்புக்குரிய எஸ்ஆர்சி, சிஸ் என்ற இரண்டு டார் கோப்புகளையும் யூஎஸ்ஆர் கோப்புறைக்குள் எஸ்ஆர்சி கோப்புறையில் விரியுங்கள். முன்னது பயனர் நிரல்கள், பின்னது கர்னல். ஒவ்வொரு பேட்ச் கோப்பின் தலையிலும் அதைப் போடும் கட்டளை முழுதாக எழுதியிருக்கும், அப்படியே பின்பற்றலாம். அந்தக் கட்டளையில் உள்ள சிக்னிஃபை முதலில் பேட்சின் கையொப்பத்தைச் சரிபார்த்து, பிறகுதான் உள்ளடக்கத்தைப் பேட்ச் நிரலுக்குத் தள்ளும். அந்தப் படியைத் தாண்டிக் குதிக்காதீர்கள். அடுத்து அந்த நிரலின் கோப்புறைக்குள் போய் "மேக் ஆப்ஜ்", "மேக்", "மேக் இன்ஸ்டால்". கர்னலுக்கு, மேக் ஆப்ஜுக்கு அடுத்து "மேக் கான்ஃபிக்" ஒன்று கூடுதல்.

"ஹங்க் ஃபெயில்ட்" (பேட்சின் ஒரு துண்டு பொருந்தவில்லை) என்று வந்தால் முந்தைய எண் பேட்ச் ஏதோ விட்டுப்போயிருக்கிறது, அல்லது நீங்கள் விரித்த மூல நிரல் வேறு பதிப்பு. கட்டாயப்படுத்திப் போடாமல், முதலிலிருந்து எண் வரிசையில் வாருங்கள். சின்ன ரூட்டரில் கர்னல் கட்டப் பொறுமை வேண்டும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் புதிய பதிப்புக்குத் தாவிவிடுவது பல சமயம் இதைவிடச் சுலபம்.

கேள்வி: ஒரு பதிப்புக்கு எத்தனை நாள் பேட்ச் கிடைக்கும்?

ஏறக்குறைய ஓராண்டு. கடைசி இரண்டு பதிப்புகளுக்கு மட்டுமே பேட்ச் வரும். நீண்டகால ஆதரவுப் பதிப்பு என்று ஒன்று இங்கே இல்லை, கேட்டாலும் கிடைக்காது. "சிஸ்அப்கிரேட்" ஓட்டினால் அடுத்த பதிப்பை இறக்கி, சரிபார்த்து, ரீபூட் செய்து நிறுவிக்கொள்ளும். பிறகு "சிஸ்மெர்ஜ்" கொடுத்து, ஈடிசி கோப்புறையில் தானாகச் சேராத மாற்றங்களைக் கையால் தீருங்கள். கடைசியில் "பிகேஜி_ஆட் -யூ". பதிப்புகளை ஒவ்வொன்றாகவே ஏற வேண்டும், இடையில் ஒன்றைத் தாண்டினால் அதற்கு ஆதரவு இல்லை.

அந்தப் பிகேஜி_ஆட் வரியைப் பலர் மறக்கிறார்கள். பிரவுசர், பிஎச்பி, டேட்டாபேஸ் எல்லாம் அடிப்படை அமைப்புக்கு வெளியே உள்ளவை. சிஸ்பேட்ச் அவற்றைத் தொடாது.

கேள்வி: "இயல்பு நிறுவலில் இத்தனை காலத்தில் இரண்டே தொலைநிலை ஓட்டைகள்" என்கிறார்களே. 2020-ல் அஞ்சல் சேவையான ஓபன்எஸ்எம்டிபிடியில் வந்தது கணக்கில் வராதா?

அந்த வாக்கியத்தில் கனமான சொல் "இயல்பு நிறுவல்", அதாவது எதையும் மாற்றாமல் நிறுவியபடியே விட்ட கணினி. 2020 ஜனவரி இறுதியில் வெளியான அந்த ஓட்டையைக் கண்டது குவாலிஸ் நிறுவனம். அனுப்புநர் முகவரியைச் சோதிக்கும் செயற்கூற்றில், டொமைன் பகுதி காலியாக இருந்தால் இயல்பு டொமைனைச் சேர்த்து "சரி" என்று திருப்பிவிடும் ஒரு கிளை இருந்தது. முன்பகுதியில் ஆகாத எழுத்து இருந்தாலும் அந்தக் கிளையில் அது கேட்கப்படாமல் போனது. முகவரிக்குள் அரைப்புள்ளியை நுழைத்தால், அஞ்சலைப் பெட்டியில் சேர்க்கும்போது ஷெல் அதைக் கட்டளையாக எடுத்து, ரூட் எனும் முழு நிர்வாக உரிமையில் ஓட்டிவிடும். 2018 மே மாத மாற்றத்தில் நுழைந்த பிழை அது. இயல்பு அமைப்பில் அந்தச் சேவை அதே கணினியிலிருந்து வரும் இணைப்புகளை மட்டுமே கேட்கும். அதனால் உள்ளே கணக்கு வைத்திருப்பவருக்கு ரூட் கிடைக்கும், வெளியாளுக்குக் கிடைக்காது. ஆகவே கணக்கில் சேராது. ஆனால் அஞ்சல் சர்வராகத் திறந்து வைத்திருந்தவருக்கு அது முழுத் தொலைநிலை ஓட்டைதான். வாசகம் பொய்யில்லை, உங்கள் சர்வருக்கு அது உத்தரவாதமும் இல்லை.

கேள்வி: லினக்ஸில், தொலைவிலிருந்து உள்நுழைய உதவும் ஓபன்எஸ்எஸ்எச்சில் ஓட்டை என்றால் ஓபன்பிஎஸ்டியிலும் அதே ஓட்டை இருக்கும்தானே?

எப்போதும் அல்ல. 2024 ஜூலை 1-ல் வெளியான ரெக்ரஷன் ஓட்டையில், உள்நுழைவு நேரம் கடந்தவுடன் வரும் சிக்னலைக் கையாளும் நிரல், அந்த நிலையில் பாதுகாப்பில்லாத, பதிவேட்டில் எழுதும் சிஸ்லாக்கை அழைத்தது. கிளிப்சி என்ற நூலகம் உள்ள லினக்ஸ் கணினிகள் அதில் சிக்கின. ஓபன்பிஎஸ்டி 2001-லேயே, சிக்னலுக்குள் பாதுகாப்பாக அழைக்கக்கூடிய வேறொரு சிஸ்லாக் வடிவத்தை எழுதி வைத்திருந்ததால் தப்பியது.

கேள்வி: ஒரு பிழையைத் திருத்தியிருக்கிறேன். கிட்ஹப்பில் அனுப்பலாமா?

அங்கே இருப்பது வெறும் நகல். மேம்பாடு இன்றும் மூல நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் சிவிஎஸ் என்ற கருவியில்தான் நடக்கிறது. வெளியான பதிப்பின் மேல் இல்லாமல் "கரண்ட்" எனும் வளர்ந்துகொண்டிருக்கும் மூல நிரல் மரத்தின் மேல் திருத்தி, "சிவிஎஸ் டிஃப் -யூபி" கொடுத்து, மாற்றங்களின் பட்டியலான டிஃபை எடுத்து, மெயிலின் உடலிலேயே வையுங்கள், இணைப்பாக வேண்டாம். ஒரு டிஃபுக்கு ஒரு விஷயம். பிழையைத் திருத்தும்போதே பக்கத்து வரியின் இடைவெளியையும் அழகுபடுத்தினால், படிப்பவர் எதைச் சோதிப்பது என்று குழம்புவார். உள்தள்ளலுக்கு டேப், தொடரும் வரிக்கு நான்கு இடைவெளி, அகலம் 80 எழுத்துக்குள். என்ன உடைந்திருந்தது, எப்படி உடைக்கலாம், எந்தக் கணினியில் சோதித்தீர்கள் என்பதை நாலு வரியில் சொல்லுங்கள். வேறொரு மேம்பாட்டாளர் "ஓகே" சொன்ன பிறகுதான் மரத்தில் சேரும்.

டிஃப்கள் கெடுவது பெரும்பாலும் மெயில் நிரலில். டேப்பை இடைவெளியாக மாற்றும், நீண்ட வரியை மடிக்கும். முதலில் உங்களுக்கே அனுப்பி, வந்ததைக் கோப்பாகச் சேமித்து, திருத்தப்படாத மரத்தில் "பேட்ச் -சி" கொடுத்துப் பாருங்கள். இதில் சி பெரிய எழுத்து. கோப்பைத் தொடாமல், பொருந்துமா என்று மட்டும் சொல்லும்.