இரண்டு வேலை போதும், தங்கச்சி

கேள்வி: கொழும்பு மென்பொருள் நிறுவனமொன்றில் புரொடக்ட் டிசைனர் (செயலிகளின் திரைகளையும் பயன்பாட்டையும் வடிவமைப்பவர்) வேலைக்கு நேர்முகம். என் போர்ட்ஃபோலியோவில், அதாவது செய்த வேலைகளின் தொகுப்பில், 12 வேலைகள் இருக்கின்றன. எல்லாவற்றையும் காட்டவா?
வாசகி, கோண்டாவில்

பதில்: வேண்டாம் தங்கச்சி, இரண்டு போதும். என் முதல் நேர்முகத்தில் அழகான திரைகளாக அடுக்கினேன். "இந்த பட்டன் ஏன் இங்கே?" என்று கேட்டார்கள். வாய் திறக்க முடியவில்லை. அடுத்த முறை பஸ் நேரம் பார்க்கும் செயலி ஒன்றை மட்டும் கொண்டுபோனேன். யாழ் பஸ் நிலையத்தில் ஓர் அம்மா போனை மூக்கருகே பிடித்தபடி பருத்தித்துறை பஸ்ஸைத் தேடிக் களைத்ததையும், அதன்பின் நான் எழுத்தைப் பெரிதாக்கியதையும் சொன்னேன். அரை மணித்தியாலம் அதைப் பற்றியே கதைத்தார்கள். நீங்கள் வரைந்து பார்த்துக் கைவிட்ட வடிவங்களையும் கட்டாயம் கொண்டுபோங்கள். வெள்ளைப்பலகையில் வரையச் சொன்னால் உடனே மார்க்கரைத் தொடாதீர்கள். யாருக்காக, எந்த போனில் என்று முதலில் கேளுங்கள்.