வெள்ளையரை உமுவோஃபியா ஏன் ஒன்றாக எதிர்த்து நிற்கவில்லை?

சினுவா அச்செபே 1958இல் எழுதிய 'திங்ஸ் ஃபால் அபார்ட்' நாவலில் வரும், நைஜீரியாவின் இக்போ மக்கள் வாழும் ஊரைப் பற்றிய கேள்வி இது. துப்பாக்கிப் பயம் மட்டும் காரணமில்லை. அங்கே அரசன் கிடையாது. ஊர் கூடிப் பேசித்தான் முடிவெடுக்கும். விருந்தாளிக்குக் கோலாக் கொட்டை உடைப்பார்கள். நடவுக்கு முன் ஒரு வாரம் யாரும் சண்டை போடக்கூடாது. எவ்வளவு அழகான ஒழுங்கு!

ஆனால் அதே ஊர்தான் இரட்டைக் குழந்தைகளைக் காட்டில் போட்டது, 'ஓசு' என்று சிலரை ஒதுக்கி வைத்தது. அவர்களை வெள்ளையர் கொண்டுவந்த தேவாலயம் சேர்த்துக்கொண்டது. காட்டில் கேட்ட குழந்தை அழுகையை மறக்க முடியாத ந்வோயே என்ற பையனும் அந்தத் தேவாலயத்துக்குப் போனான். அப்புறம் வெள்ளையரின் நீதிமன்றம் வந்தது. கடைசியில் ந்வோயேவின் அப்பா ஒக்கொன்குவோ, வெள்ளையர் அரசின் தூதனை வெட்டிச் சாய்க்கிறார். மற்றத் தூதர்களை ஊரார் தப்பவிடுகிறார்கள். எனக்கு மிகவும் வலித்த இடம் அது.