ஸ்பூனர் ஓல்டாம்: வாசிப்பும் ராயல்டியும்

அன்புள்ள ஐயா,

தேவாலயத்திலும் கல்யாணக் கச்சேரிகளிலும் கீபோர்டு வாசிக்கிறேன். அமெரிக்க ஸ்டூடியோ கீபோர்டு கலைஞர் ஸ்பூனர் ஓல்டாம் பாணியில், சோல் என்ற கறுப்பின அமெரிக்க இசைப் பாட்டுக்கு வாசித்துப் பார்த்தால் பாடுகிறவர் குரல் அமுங்கிப்போகிறது. உலகமே கேட்ட பாட்டுகளில் வாசித்த அவருக்கு அவற்றிலிருந்து தொடர்ந்து பணம் வந்திருக்குமா?

கே.

அன்புள்ள கே.,

முதலில் பணம். 1967 ஜனவரி 24 அன்று அலபாமாவின் மசில் ஷோல்ஸ் ஊரில், ஃபேம் ஸ்டூடியோவில் பாடகி அரேதா ஃபிராங்க்ளினின் ‘ஐ நெவர் லவ்டு எ மேன்’ பதிவானது. பாட்டை எங்கே பிடிப்பது என்று வாத்தியக்காரர்கள் திணறியபோது, ஓல்டாம் வுர்லிட்சர் எலெக்ட்ரிக் பியானோவில் ஒரு சின்ன ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் இசைத் துணுக்கு) போட்டார். மற்றவர்கள் அதைப் பற்றிக்கொண்டு நுழைந்தார்கள். அது இல்லாமல் அந்தப் பாட்டே இல்லை. ஆனால் பாட்டை எழுதியவர் என்று பதிவானவர் ரானி ஷானன் ஒருவர்தான். அமெரிக்க ஏ.எம்., எஃப்.எம். வானொலிகள் எழுதியவருக்கும் பதிப்பாளருக்குமே ராயல்டி தருகின்றன. பாடியவருக்கும் வாசித்தவருக்கும் கிடையாது. எனக்கு இது பெரிய அநியாயமாகவே படுகிறது.

ஓல்டாமுக்கு ராயல்டி வர வழி, அவர் பாடலாசிரியர் டான் பென்னோடு சேர்ந்து எழுதிய பாட்டுகள். ‘ஐம் யுவர் பப்பெட்’ 1966இல் பில்போர்டு என்ற அமெரிக்கப் பாட்டுத் தரவரிசைப் பட்டியலில் 6ஆம் இடம். ‘க்ரை லைக் எ பேபி’ 1968இல் 2ஆம் இடம். நீங்களும் இன்னொருவர் பாட்டைத் தூக்கி நிறுத்தும் துணுக்கைப் போட்டால், ஸ்டூடியோவை விட்டுக் கிளம்பும் முன்பே யாருக்கு எத்தனை சதவீதம் என்று எழுதி, கூட்டினால் 100 வருகிறதா என்று பார்த்து, எல்லாரிடமும் கையெழுத்து வாங்கிவிடுங்கள். பாட்டு ஓடிய பிறகு ஆளுக்கொரு நினைவு இருக்கும்.

குரல் அமுங்குவதற்குப் பெரும்பாலும் இடது கைதான் காரணம். மிடில் சி-க்கு (கீபோர்டின் நடுவில் உள்ள சி சுரம்) கீழே ரொம்ப இறங்கினால் பேஸ் கிட்டாரோடு மோதி எல்லாம் குழம்பும். இடது கையை எடுத்துவிட்டு வலது கையில் மூன்று சுரம் மட்டும் பிடியுங்கள். அலங்காரமெல்லாம் பாடுகிறவர் மூச்சு வாங்கும் இடத்தில்.

பெர்சி ஸ்லெட்ஜின் ‘வென் எ மேன் லவ்ஸ் எ வுமன்’ பாட்டில் ஓல்டாம் வாசிப்பது ஃபார்ஃபிசா ஆர்கன். எப்படி அழுத்தினாலும் அதில் ஒரே சத்தம்தான் வரும். இதைப் பழக, ஆர்கன் டோன் வைத்து, கார்டு (ஒன்றாகப் பிடிக்கும் சுரங்கள்) மாறும்போது இரண்டுக்கும் பொதுவான சுரத்தை விடாமல் மற்ற விரல்களை மட்டும் நகர்த்துங்கள். ஏற்ற இறக்கத்துக்கு வால்யூம் பெடல் போதும். சுரத்தை நீட்டும் சஸ்டெயின் பெடல் வேண்டாம், பழைய கார்டு புதியதன் மேல் ஏறிவிடும்.

வுர்லிட்சர் டோனில் விஷயமே வேறு. உள்ளே சுத்தியல்கள் எஃகு நாக்குகளைத் தட்டுகின்றன. மெல்லத் தொட்டால் மணியோசை, ஓங்கினால் கரகரப்பு. மெதுவான பாட்டுக்கு ட்ரெமோலோவை (சத்தம் ஏறி இறங்கி அதிர்வது) குறைத்துவிட்டு, அந்தக் கரகரப்பைச் சரணத்தில் செலவழிக்காமல் பல்லவி திரும்பும் இடத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.