கவுன்டியில் கூரைக்குப் பெர்மிட் கேட்க மாட்டார்கள், அதனால்தான் கவனம்

தம்பி, அமெரிக்காவின் டெக்சஸில் லீண்டர் தாண்டி பர்னெட் கவுன்டியில் (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) ஒன்றரை ஏக்கரோடு வீடு வாங்கியிருக்கிறேன், ஆலங்கட்டி மழையில் கூரை போய்விட்டது, மாற்றப் பெர்மிட் வேண்டுமா, பள்ளிக்கூடம் எப்படி, நம்ம ஊர்ச் சாமான் எங்கே கிடைக்கும் என்று கேட்டிருந்தீர்கள். பள்ளியும் கடையும் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். கூரையில் அடிபட்டவன் நான், அதை மட்டும் சொல்கிறேன்.

டெக்சஸில் நகர எல்லைக்கு வெளியே இருக்கும் வீட்டில் பழைய ஷிங்கிளை, அதாவது ஓடு மாதிரி கூரைமேல் அடிக்கும் தார்த் தகட்டை, பிரித்துப் புதிது போட, பெரும்பாலான கவுன்டிகளில் பெர்மிட் தேவையில்லை. கவுன்டிக்குச் சட்டம் அந்த அதிகாரத்தை அவ்வளவாகக் கொடுக்கவில்லை. செப்டிக் டேங்க், வெள்ளம் வரும் தாழ்நிலம், இதற்குத்தான் கவுன்டி ஆபீஸ் வாசலை மிதிக்க வேண்டும். இருந்தாலும் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள். அந்தக் குடியிருப்பில் வீட்டு உரிமையாளர் சங்கம் இருந்தால் அவர்கள் ஷிங்கிளின் நிறத்துக்குக்கூட அனுமதி கேட்பார்கள்.

நம் ஆட்கள் பலர் இதைக் கேட்டதும் ரூல்ஸே இல்லை, சல்லிசாக முடித்துவிடலாம் என்று சந்தோஷப்படுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். பெர்மிட் இல்லையென்றால் இன்ஸ்பெக்டரும் இல்லை, போட்ட கூரையை ஏறிப் பார்க்க உங்களை விட்டால் ஆள் இல்லை. கூரை போடுகிறவருக்கு டெக்சஸில் மாநில லைசன்சும் கிடையாது.

நான் 2006-ல் வந்தவன், 2011-ல் வீடு வாங்கினேன், அடுத்த வசந்தத்திலேயே ஆலங்கட்டி. இரண்டாம் நாள் ஒருவர் கதவைத் தட்டி, டிடக்டபிளை, அதாவது இன்சூரன்ஸ் கொடுப்பதற்கு முன் நம் கையிலிருந்து போட வேண்டிய பங்கை, நீங்கள் கட்ட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றார். கையெழுத்துப் போட்டுவிட்டேன். ஒரே நாளில் முடித்துவிட்டுப் போனார்கள். அடுத்த மழைக்குப் பிள்ளையின் அறை மச்சில் தோசைக்கல் அகலத்துக்குக் கறை. அந்த ஆளின் போன் எடுக்கப்படவே இல்லை. வேலை சரியில்லாததற்கு நாங்கள் பொறுப்பில்லை என்று இன்சூரன்சும் கைவிரித்தது. தங்கை கல்யாணத்துக்கு வைத்திருந்த பணத்தில்தான் மறுபடி போட்டேன்.

இரண்டாவதாக வந்த மெக்சிகோக்காரப் பெரியவர் பிரித்துக் காட்டினார். ஏற்கெனவே இரண்டு அடுக்கு இருந்ததன் மேலேயே மூன்றாவதை அடித்திருந்தார்கள். குடியிருப்புக் கட்டட விதிநூலான ஐஆர்சி இரண்டு அடுக்குக்கு மேல் அனுமதிப்பதே இல்லை. ஆணிகள் எல்லாம் ஷிங்கிளில் ஆணிக்கென்று போட்டிருக்கும் கோட்டுக்கு மேலே, ஓரத்தில் தண்ணீரை வெளியே வடியவிடும் டிரிப் எட்ஜ் தகடே இல்லை, அடிப்பலகையில் கட்டைவிரலை வைத்தால் உள்ளே போனது. ஒரு ஷிங்கிளுக்குக் குறைந்தது 4 ஆணி, காற்று அதிகமான இடத்தில் 6, 12 அங்குலத்துக்கு 4 அங்குலம்கூட ஏறாத சரிவென்றால் ஷிங்கிளுக்கு அடியில் விரிக்கும் தாள் இரண்டு மடங்கு, 2 அங்குலத்துக்கும் கீழே என்றால் ஷிங்கிளே போடக்கூடாது என்று அவர்தான் எனக்குச் சொல்லிக்கொடுத்தார்.

அதனால் கவுன்டி கேட்காவிட்டால் நீங்கள் கேளுங்கள். வேலை ஐஆர்சி விதிப்படி இருக்கும், பழையது முழுக்கப் பிரிக்கப்படும் என்று ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். தனி இன்ஸ்பெக்டருக்குச் சில நூறு டாலர் போனாலும் பரவாயில்லை. முழுப் பணத்தையும் முன்னால் கொடுக்காதீர்கள். டிடக்டபிளைத் தள்ளுபடி செய்கிறேன் என்று யாராவது சொன்னால் அங்கேயே கதவைச் சாத்துங்கள், 2019 செப்டம்பரிலிருந்து டெக்சஸில் அது குற்றம். ஃபுளோரிடாவில் இருக்கும் உறவினர் சொல்வதை இங்கே பொருத்திப் பார்க்காதீர்கள். 1992-ல் ஆண்ட்ரூ புயல் அடித்த பிறகு அவர்கள் மாநிலம் முழுக்க ஒரே விதிநூல் கொண்டுவந்துவிட்டார்கள், கவுன்டியிலும் பெர்மிட் வேண்டும்.

இப்போது ஒவ்வொரு மார்ச்சிலும் நானே ஏணி வைத்து ஏறிப் பார்க்கிறேன். ஊரில் ஐப்பசிக்கு முன்னால் ஓடு மாற்ற ஆள் வரும்போது அப்பா கீழே நின்று ஒவ்வொரு ஓடாக எடுத்து விரலால் தட்டி, சத்தம் சரியாக இருந்தால்தான் மேலே கொடுப்பார். விரிசல் ஓட்டின் சத்தம் எனக்கு இன்னும் காதில் இருக்கிறது.

கையெழுத்துப் போடும் முன் ஒப்பந்தத்தை எனக்கு அனுப்புங்கள் தம்பி, படித்துச் சொல்கிறேன்.