அணைந்து அணைந்து எரியும் ரவுட்டர்: வாங்குவோர் கேள்வி-பதில்

மாலையில் எல்லாரும் படம் பார்க்க உட்கார்ந்தால் ரவுட்டர் தானாக அணைந்து மறுபடி எரிகிறது. இணைப்புக்காரர் புதியது வாங்கச் சொல்கிறார். வாங்கலாமா?
- வாசகர், மாட்டுங்கா

அவசரப்படாதீர்கள். முதலில் விளக்குகளைக் கவனியுங்கள். பவர் விளக்கு நிலையாக எரிய, ஒளி சிக்னல் வரவில்லை என்று காட்டும் எல்.ஓ.எஸ். விளக்கு மட்டும் சிவப்பாகச் சிமிட்டினால், ஃபைபர் இணைப்பில் பழுது. அது இணைப்புக்காரரின் பொறுப்பு. எல்லா விளக்குகளும் ஒருசேர அணைந்தால் அடாப்டரைச் சந்தேகியுங்கள். ரவுட்டரின் அடியில் 12 வோல்ட், 1.5 ஆம்பியர் என்றிருக்க, அடாப்டர் 1 ஆம்பியர் மட்டுமே தருவதானால், பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்தும்போது மின்னழுத்தம் இறங்கி, ரவுட்டர் மறுபடி முதலிலிருந்து தொடங்கும். அடாப்டருக்குள் மின்னைத் தேக்கிவைக்கும் கெப்பாசிட்டர் பழசாகித் தளர்ந்தாலும் இதே கதைதான். வோல்ட்டும் பின்னின் அளவும் துருவக் குறியும் (+, - எந்தப் பக்கம் என்பது) மாறாமல், ஆம்பியர் குறையாமல் இன்னொன்றைப் போட்டுப் பாருங்கள்.

அடாப்டர் வாங்க மும்பையின் மின்னணுக் கடைத்தெருவான லேமிங்டன் ரோட்டுக்குப் போவீர்களானால் ஒன்று சொல்ல வேண்டும். இத்தகைய அடாப்டர்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் (பி.ஐ.எஸ்.) பதிவு கட்டாயம் என்றிருந்தும், எந்தப் பெட்டியிலும் எந்த எண்ணையும் அச்சிட்டு விற்கும் துணிச்சல் சில கடைகளுக்கு இருக்கிறது. ‘2 ஆம்பியர்’ என்று கொட்டை எழுத்தில் போட்டு என் தலையில் கட்டப்பட்ட மினி யு.பி.எஸ். (மின்தடையில் ரவுட்டரை ஓட்டும் சிறு பேட்டரிப் பெட்டி), மின்சாரம் போனதும் ரவுட்டரை அணைத்துவிட்டுத்தான் கண் விழிக்கும். ஆகவே ‘ஆர்’ என்று தொடங்கும் பதிவெண்ணைப் ‘பி.ஐ.எஸ். கேர்’ செயலியில் கடையிலேயே சரிபார்த்த பிறகு பணத்தை எடுங்கள்.

ரவுட்டரில் தூசி படாதிருக்க உறை தைத்துப் போட்டிருக்கிறேன். சூடாகி நின்றுவிடுகிறது.
- வாசகி, செம்பூர்

உறையை எடுத்துவிடுங்கள்.

50 ரூபாய் குறையும் என்று பில் இல்லாமல் அடாப்டர் வாங்கினேன். மறுநாளே கெட்டுவிட்டது. வழக்குப் போடலாமா?
- வாசகர், டோம்பிவிலி

பில் தராதது கடைக்காரரின் குற்றமே. ஆனால் அங்குதான் வாங்கினீர்கள் என்பதற்கு என்ன சான்று வைத்திருக்கிறீர்கள்? ஜிபே, போன்பே எதிலாவது செலுத்தியிருந்தால் அந்தப் பதிவைத் தேடுங்கள். ரொக்கமாகக் கொடுத்திருந்தால் மறந்துவிடுங்கள்.

புதியது என்று ஒரு ரவுட்டரை 1,800 ரூபாய்க்கு விற்றார்கள். போட்டதும் வேறு யாரோ வைத்த வைஃபை பெயர் வந்தது. நாள்தோறும் நின்று நின்று எரிகிறது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது’ என்று பில்லைக் காட்டுகிறார் கடைக்காரர்.
- வாசகி, தாராவி

அம்மா, அந்த வரிக்கு அஞ்சாதீர்கள். குறையுள்ள பொருளைப் பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு சொல்லாவிட்டால் 30 நாட்களுக்குள், திரும்பப் பெற்றுப் பணம் தர மறுப்பது 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நேர்மையற்ற வணிக நடைமுறை. யாரோ பயன்படுத்திய ரவுட்டர் என்பதற்குச் சான்றாக, அந்த வைஃபை பெயர் தெரியும் திரையைப் படமெடுத்து வைத்துக்கொண்டு, பணத்தைத் திரும்பக் கேட்டு எழுத்தில் கொடுங்கள். பிறகு தேசிய நுகர்வோர் உதவி எண்ணான 1915ஐ அழையுங்கள், தமிழிலேயே பேசலாம். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம் இருக்கிறது; 5 லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது, வழக்கறிஞரும் கட்டாயமில்லை.