‘ஸ்கேவஞ்சர்’ என்பதற்குத் தமிழில் ஒரே சொல் போதுமா?

ஸ்கேவஞ்சர் (scavenger) என்ற ஆங்கிலச் சொல்லின் பொருளையும் அதைத் தமிழில் எழுதும் முறையையும் கேட்டிருக்கிறீர்கள். அகராதியை மட்டும் நம்பி எழுதி, நானே ஒரு முறை தவறு செய்தேன்.

சில ஆண்டுகளுக்கு முன் மும்பை தாராவியில் நடந்த ஒரு கணக்கெடுப்புக்காக, ஆங்கிலப் படிவம் ஒன்றைத் தமிழாக்கினேன். தொழில் என்ற இடத்தில் இருந்த இச்சொல்லைத் ‘தோட்டி’ என்று எழுதிவிட்டேன். அங்கே மறுசுழற்சித் தொழில் நடக்கும் 13ஆம் காம்பவுண்டில் பிளாஸ்டிக் குவியலின் முன் அமர்ந்து, ஒவ்வொரு துண்டையும் நகத்தால் சுண்டி, எழும் ஓசையை வைத்தே தரம் பிரித்துக்கொண்டிருந்த திருநெல்வேலிப் பாட்டி ஒருவரிடம் அதைப் படித்தபோது, “எய்யா, நீ என் வேலையக் கேக்கியா, சாதியக் கேக்கியா?” என்றார். பழந்தமிழில் யானையை அடக்கும் அங்குசத்துக்குப் பெயரான தோட்டி, இன்று பிறப்பைச் சுட்டும் வசையாகவே காதில் விழுகிறது.

ஆங்கிலச் சொல்லின் கதை வேறு. இடைக்கால லண்டனில் வெளியூர் வணிகர்களின் சரக்கைப் பார்வையிட்டு வரி வாங்கிய அலுவலர் ‘ஸ்கேவேஜர்’ எனப்பட்டார். தெருத் தூய்மையும் அவர் பொறுப்பில் வந்த பிறகே சொல் குப்பையின் பக்கம் திரும்பியது. பாஸேஜர் பாஸெஞ்சர் ஆனதுபோல இடையில் ஓர் ஒலியும் நுழைந்தது.

விலங்கியலில் இது இறந்த உயிர்களைத் தின்னும் பிணந்தின்னிக் கழுகு, கழுதைப்புலி முதலியவற்றைக் குறிக்கும். அங்கே ‘பிணந்தின்னி’ என்பதே பொருந்தும். பள்ளிப் பாடத்தில் காகத்தை ‘ஆகாயத் தோட்டி’ என்று படித்த தலைமுறை நாங்கள். இன்று நான் அதை எழுதமாட்டேன். வேதியியலில் ஆக்சிஜன் ஸ்கேவஞ்சர் என்றால் ஆக்சிஜன் அகற்றி, அவ்வளவுதான்.

இந்தியச் சட்டத்தில் வரும் ‘மேனுவல் ஸ்கேவஞ்சர்’ மட்டும் தனி. மனிதக் கழிவைக் கையால் அகற்ற வைக்கப்படுபவரையே அது குறிக்கிறது. அப்படி வேலை வாங்குவதை 1993ஆம் ஆண்டுச் சட்டமும், அதைவிட விரிவான 2013ஆம் ஆண்டுச் சட்டமும் தடை செய்கின்றன. ஆகவே தெருக் கூட்டுபவரையும் (அவர் தூய்மைப் பணியாளர்), பழைய பொருள் சேகரிப்பவரையும் இந்தப் பெயரால் அழைப்பது பிழை.

படிவத்தில் பின்னர் ‘பழைய பொருள்களைத் தரம் பிரிப்பவர்’ என்று திருத்தினேன். பாட்டியோ, “பங்கார் வேலைன்னு போடு, இங்க எல்லாருக்கும் புரியும்” என்றார் (பங்கார் என்றால் மும்பைப் பேச்சில் பழைய பொருள்), அப்படியே எழுதினேன்.